வாரக்கடைசி நீள்வாசிப்பு: அறிவியல், மொழி, அரசியல், பண்பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறில் நிதானமாக உட்கார்ந்து நான்கு நல்ல கட்டுரை வாசிக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எதை வாசிப்பது என்பதைவிட எப்படி வாசிப்பது என்பதில்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. துறை எதுவானாலும் கட்டுரையிடம் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இது எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வியை எந்த இடத்தில் வைத்து அழுத்துவது என்பதுதான் துறைக்குத் துறை மாறும்.

ஒரு வாரக்கடைசிக்கு எத்தனை கட்டுரை வைத்துக்கொள்ளலாம்?

மூன்று போதும், நான்கு தாராளம். அறிவியலுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று பங்கு பிரிக்க வேண்டாம். நீளமானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, பத்து நிமிடத்தில் முடிவது ஒன்று என்று அளவை வைத்துப் பிரித்தால் உண்மையில் வாசித்து முடிப்பீர்கள்.

நேரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளை மனத்துக்குள் வாசிப்பவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். அதைத் தமிழுக்கு அப்படியே பொருத்தினால் கணக்கு உதைக்கும். ‘வரமுடியாதவர்களுக்காகவும்’ நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஏழு சொற்களாவது வேண்டும். உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்: பழக்கமான நடையில் எழுதிய ஒரு கட்டுரையை 3 நிமிடம் வாசித்து, தாண்டிய சொற்களை எண்ணி, மூன்றால் வகுக்கவும். வரைபடமும் அட்டவணையும் உள்ள கட்டுரைக்கு அந்தக் கணக்கின் மேல் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சேமித்து வைப்பதோடு சரி, வாசிப்பதே இல்லை. என்ன செய்வது?

பட்டியலுக்கு உச்சவரம்பு வையுங்கள். 12 என்று வைத்தால், பதின்மூன்றாவது உள்ளே வரும்போது ஒன்று வெளியே போகவேண்டும். சேமிக்கும்போதே ‘எதற்காக’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வெறும் தலைப்பைப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வராது. பட்டியல் வீங்குவதற்குப் பெரிய காரணமே அதுதான்.

முக்கியமான கட்டுரையைச் சேவையை மட்டும் நம்பி விடாதீர்கள். தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது, கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று. கட்டுரைகளே காணாமல் போவதும் உண்டு: 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கெடுத்தது. பிடிஎஃப் ஆக இறக்கி, கோப்பின் பெயரில் ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்து வையுங்கள். இணைப்பு செத்திருந்தால் முகவரியை, பழைய பக்கங்களின் நகல்களை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள்.

அறிவியல் செய்தி மிகையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிகை பெரும்பாலும் செய்தியாளரிடம் தொடங்குவதில்லை, அதற்கு ஒரு படி முன்பே தொடங்கிவிடுகிறது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. அவற்றில் 40 சதவீதம், ஆய்வில் இருந்ததைவிட அழுத்தமான அறிவுரை சொன்னது. 33 சதவீதம், வெறும் தொடர்பைக் காரணமாக மாற்றிச் சொன்னது. 36 சதவீதம், விலங்கில் கண்டதை மனிதருக்கு நீட்டியது. செய்திக்குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால் செய்தியும் பெரும்பாலும் மிகைப்படுத்தியது.

ஆகவே ஒரு செய்தியில் மூன்று இடங்களைப் பாருங்கள். யாரிடம் சோதித்தார்கள் – மனிதரா, எலியா, கண்ணாடிக் குழாயில் உள்ள உயிரணுவா? அவர்கள் ஏதாவது கொடுத்துப் பார்த்தார்களா, அல்லது ஏற்கெனவே நடந்ததைக் கவனித்தார்களா? அந்த ஆய்வில் பங்கெடுக்காத ஒரு நிபுணரின் கருத்து எங்காவது இருக்கிறதா? மூன்றுக்கும் செய்தியில் விடை இல்லையென்றால் மூல ஆய்வைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வுக் கட்டுரையை எந்த வரிசையில் வாசிப்பது?

முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்க வேண்டாம். சிக்கிக்கொள்வீர்கள். 20 நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு வரிசை:

1. ஆய்வுச் சுருக்கம். என்ன கேட்டார்கள், என்ன கண்டார்கள் என்பதை உங்கள் சொல்லில் ஒரு வரியாக எழுதுங்கள்.
2. படங்கள், அட்டவணைகள், அவற்றின் அடியில் உள்ள விளக்கம். அச்சுகளில் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 92-இல் தொடங்கினால் இரண்டு புள்ளி வித்தியாசம்கூட மலையாகத் தெரியும்.
3. செய்முறைப் பகுதியில் மூன்று விவரம் மட்டும்: எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், ஒப்பிட வேறு குழு இருந்ததா.
4. விவாதப் பகுதியில் ‘வரம்புகள்’ என்று வரும் பத்தி. ஆய்வாளர்கள் நேர்மையாகப் பேசுவது பெரும்பாலும் அங்கேதான். செய்தியில் விடுபடுவதும் அதே பத்திதான்.
5. கடைசியில் நிதி யாருடையது, நலமுரண் (முடிவால் ஆய்வாளருக்கு ஆதாயம்) உண்டா என்ற குறிப்பு.

அறிமுகப் பகுதியை விட்டுவிடலாம். துறையின் வரலாறு தெரியவேண்டும் என்றால் பிறகு வரலாம். இன்னொன்று: இதழின் பக்கத்தில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 1998-இல் வந்தது, 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அதை மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

‘ஆபத்து 18 சதவீதம் அதிகம்’ என்றால் பயப்பட வேண்டுமா?

எதிலிருந்து 18 சதவீதம் என்று தெரியாமல் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது. 2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடும்போது அது சுமார் 6 பேர் ஆகிறது. நூற்றில் ஒருவர் கூடுகிறார். ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கு அது பெரிய எண்ணிக்கை. தனி ஒருவருக்குத் தலைப்புச் செய்தி எழுப்பிய அளவு பீதிக்கு இடமில்லை.

அதே அறிவிப்பில் இன்னொரு குழப்பமும் நடந்தது. பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே ‘முதல் பிரிவில்’ முகமை சேர்த்தது. உடனே ‘இறைச்சி சிகரெட் அளவு கெடுதல்’ என்று தலைப்புகள் வந்தன. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. கெடுதல் எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதே இல்லை.

முன்னச்சு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் ஆய்வுக் கட்டுரை, preprint) என்று போட்டிருந்தால் ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம். இயற்பியலும் கணிதமும் 1991-இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்கைவ் (arXiv) தளத்தில்தான் பல காலமாக முதலில் வெளிவருகின்றன. ஆனால் பிற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அதே கட்டுரையின் இரண்டாம், மூன்றாம் வடிவம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடல்நலம் பற்றிய முன்னச்சை வைத்து எதையும் சாப்பிடத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

ஒரே ஓர் ஆய்வை நம்பலாமா?

உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை ஒரு பெரிய கூட்டுக்குழு மறுபடி செய்துபார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முறையில் தேறியவை. மறுசெய்கையில் தேறியது 36 சதவீதம். ஒற்றை ஆய்வை ஒரு துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு என்று எடுக்காதீர்கள்.

‘இந்த மொழியில் பனிக்கு 50 சொல்’ என்பது போன்ற கட்டுரைகள் உண்மையா?

இந்த வகைக்குத் தாய்க்கதை எஸ்கிமோக்களின் பனிதான். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-இல் கொடுத்தது நான்கே வேர்கள்: அபுட் – தரையில் கிடக்கும் பனி, கனா – விழும் பனி, பிக்சிர்போக் – காற்று அடித்துச் செல்லும் பனி, கிமுக்சுக் – குவிந்த பனி. 1940-இல் மொழியியலாளர் பெஞ்சமின் வோர்ஃப் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டினார். அதிலிருந்து பிறர் கைமாற்றிக் கைமாற்றி 50, 100 என்று ஏற்றிவிட்டார்கள். கதை வளர்ந்த தடத்தை 1986-இல் மானிடவியலாளர் லாரா மார்ட்டின் படிப்படியாகக் காட்டினார்.

ஆனால் எண் தவறு என்பதோடு விஷயம் முடியவில்லை. ‘சொல்’ என்பதை எண்ண முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. அந்த மொழிகள் வேரோடு ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்து ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கும். நமக்கு இது புரியாததில்லை. ‘வா’ என்ற ஒரு வினையிலிருந்து வந்தான், வந்தாள், வராதவன், வருவதற்குள், வந்துவிட்டிருந்தால், வரவேண்டியதில்லையாம் என்று எடுத்துக்கொண்டே போகலாம். ‘வருவதற்குத் தமிழில் ஆயிரம் சொல்’ என்று யாராவது வெளியூரில் எழுதினால் நாம் சிரிப்போம். ஆகவே எண்ணிக்கை சொல்லும் மொழிக் கட்டுரையில், எண்ணியது வேர்ச்சொல்லா அல்லது அதன் வடிவங்களா என்று தேடுங்கள். அந்த விவரம் இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மொழி நம் சிந்தனையையும் நடத்தையையும் மாற்றுகிறதா?

சின்ன அளவில் சில இடங்களில் மாற்றுவதற்குச் சான்று உண்டு. பெரிய அளவில் சொல்லும் கட்டுரைகள்தான் அதிகம் பரவுகின்றன, அங்கேதான் கவனம் தேவை. ஒரு நல்ல உதாரணம்: பொருளியலாளர் கீத் சென் 2013-இல், எதிர்காலத்தை இலக்கணத்தில் கட்டாயமாகக் குறிக்காத மொழி பேசுவோர் அதிகம் சேமிக்கிறார்கள் என்று எழுதினார். ஜெர்மனில் ‘நாளை மழை பெய்கிறது’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லலாம். எதிர்காலம் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றுவதால் சேமிக்கிறார்கள் என்பது வாதம். ‘நாளைக்கு வரேன்’ என்று நிகழ்காலத்தில் வாக்குக் கொடுக்கும் நமக்கும் இது உடனே சுவையாகப் படும்.

சிக்கல் எங்கே? அண்ணன் தம்பி இருவரிடம் கேட்டுவிட்டு இரண்டு தனிச் சாட்சி கிடைத்ததாக எண்ணக்கூடாதல்லவா? மொழிகளும் அப்படித்தான். ஒரே குடும்பத்து மொழிகள் இலக்கணத்தையும் பண்பாட்டையும் சேர்த்தே பெற்றிருக்கும். அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணினால் இல்லாத தொடர்பும் இருப்பதாகத் தெரியும். பிரிட்டிஷ் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் 1880-களின் இறுதியிலேயே எழுப்பிய ஆட்சேபம் இது. 2015-இல் மொழி ஆய்வாளர்களான ஷான் ராபர்ட்ஸும் ஜேம்ஸ் வின்டர்ஸும் சென்னோடு சேர்ந்தே மொழி உறவைக் கணக்கில் எடுத்து மறுபடி சோதித்தார்கள். மிகக் கண்டிப்பான சோதனையில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. முதல் கட்டுரை உலகம் சுற்றிய அளவுக்கு இரண்டாவது சுற்றவில்லை. மொழி–நடத்தை பற்றிய கட்டுரை எதை வாசித்தாலும், மொழிக்குடும்பங்களை எப்படிக் கையாண்டார்கள் என்று கேளுங்கள்.

‘உலகின் மிகப் பழைய மொழி’ எது?

பேச்சுமொழிகள் ஏறக்குறைய எல்லாம் தாய் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு இடைவெளி இல்லாமல் வந்தவை. கல்வெட்டுக்கும் ஏட்டுக்கும் வயது சொல்லலாம். இரண்டு மொழிகள் எப்போது பிரிந்தன என்று மதிப்பிடலாம். மொழிக்கே பிறந்தநாள் கிடையாது.

அகழாய்வுக் கட்டுரையில் கார்பன் தேதியை எப்படி வாசிப்பது?

முதலில், தேதி எதற்கு என்று பாருங்கள். பானைக்கோ கல்லுக்கோ கார்பன் முறையில் தேதி சொல்ல முடியாது. அதே மண்ணடுக்கில் கிடைத்த கரி, தானியம், எலும்பு ஆகியவற்றுக்குத்தான் தேதி. அடுக்கு கலைந்திருந்தால் பானைக்கும் கரிக்கும் உறவே இல்லாமல் போகலாம். கரியிலும் ஒரு தொல்லை: பெரிய மரத்தின் உள்வளையம், மரம் வெட்டப்படுவதற்கு நூற்றாண்டுகள் முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை விளையும் தானியத்தின் தேதியை நம்புவது நல்லது.

அடுத்து, எண்ணை எப்படிக் கழிப்பது. ‘இன்றைக்கு முன்’ என்று ஆய்வாளர்கள் எழுதினால் அந்த ‘இன்று’ 1950. ஆனால் 2450 என்று இருந்தால் 1950-இலிருந்து கழித்து பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 500 என்று முடிவு கட்டக்கூடாது. காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியதால், மரவளையங்களை வைத்துப் போட்ட திருத்த வளைகோட்டில் அதை ஏற்றவேண்டும். பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்தப் பகுதியில் விழும் 2450 ± 30 என்ற ஒரு தேதி, திருத்திய பிறகு பொ.ஆ.மு. 750-க்கும் 400-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 350 ஆண்டு அகலமுள்ள விடை அது. செய்தியில் அதன் மூத்த முனை மட்டும் தலைப்பாகும். ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

கதிரியக்கக் கார்பன் பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. டைனோசருக்குக் கார்பன் தேதி சொல்லும் கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம்.

கருத்துக்கணிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை பேர் என்பதைவிட எப்படிப் பிடித்தார்கள் என்பதை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடி அட்டைகள் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கு வாங்கினார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலும் கார்ப் பதிவேட்டிலும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியுள்ளவர்களின் பட்டியல். அதோடு, மெனக்கெட்டு பதில் அனுப்பியவர்களும் ஒரு சாய்வு உள்ளவர்கள். அதைவிடச் சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் வென்றவரைச் சரியாகச் சொன்னார்.

சரியாகப் பிடித்த 1,000 பேர் கணிப்பின் பிழை வரம்பு (உண்மை எண் இருபுறமும் விலகக்கூடிய அளவு) 3 புள்ளி சொச்சம். அதைப் பாதியாக்க 4,000 பேர் வேண்டும். இங்கே பலர் சறுக்குவது, அந்த 3 புள்ளி ஒரு கட்சியின் சதவீதத்துக்கு மட்டும் என்பதில். 46-க்கு 43 என்று இருந்தால் முன்னிலை 3. அந்த முன்னிலைக்கான பிழை வரம்பு ஏறக்குறைய 6. அதாவது யார் முந்துகிறார்கள் என்று அந்தக் கணிப்பு சொல்லவே இல்லை.

ஒரே புள்ளிவிவரத்தை இரு தரப்பும் காட்டுகிறார்களே?

இரண்டு தரப்பும் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 35 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான பொதுவான சாய்வு தெரியவில்லை. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். ஆகவே அரசியல் கட்டுரையில் மொத்தச் சதவீதம் வந்தால், பிரித்த கணக்கைத் தேடுங்கள். பிரித்த கணக்கு வந்தால், இப்படிப் பிரிக்க ஏன் முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள்.

பழைய ஆவணம், நாட்குறிப்பு, மேற்கோள் – உண்மையா என்று வாசகர் அறிய வழி உண்டா?

வாசிப்பில் சுவை மிகுந்த இடமே இதுதான். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு ரோமை ஆளும் உரிமையைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் பல நூற்றாண்டு புழங்கியது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீனைச் சொல் சொல்லாகப் பிய்த்தார். ரோம அதிகாரிகளை ‘சத்ரப்’ என்கிறது ஆவணம். அது பாரசீக ஆளுநர்களின் பெயர், அக்கால ரோமில் அந்த வழக்கே இல்லை. இன்னும் கட்டப்படாத கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தைத் திருச்சபையின் தலைமையிடங்களில் ஒன்றாகப் பேசுகிறது. இன்று அது எட்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்று கொள்கிறார்கள். வல்லாவை ஆதரித்த அரகான் மன்னர் அல்ஃபோன்சோ அப்போது போப்போடு மோதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். நோக்கம் அரசியல், சான்று மொழியியல். நோக்கத்தைக் காட்டிச் சான்றைத் தள்ளமுடியவில்லை.

1983-இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்டவற்றில் பாடம் வேறு. கையெழுத்து நிபுணர்கள் ‘அவருடையதுதான்’ என்றார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளில் சிலவும் அந்தப் போலி நாட்குறிப்புகளை எழுதியவரே எழுதியவை! கடைசியில் காட்டிக்கொடுத்தது காகிதம்: போருக்குப் பிறகே பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது. ஆவணம் பற்றிய கட்டுரையில் ‘நிபுணர் உறுதி செய்தார்’ என்று வந்தால், எதோடு ஒப்பிட்டு உறுதி செய்தார் என்று தேடுங்கள்.

மேற்கோளுக்கு எளிய சோதனை போதும்: நூல், ஆண்டு, பக்கம் இல்லாமல் பெரியவர் பெயர் மட்டும் இருந்தால் அதைப் பகிராதீர்கள்.

மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது எங்கே ஏமாறுவோம்?

எண்ணில். ஆங்கிலப் பில்லியன் 100 கோடி. பிரிட்டன் அரசே 1974-இல்தான் அந்த அளவுக்கு மாறியது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல்களில் அது லட்சம் கோடியாக இருக்கலாம். ஸ்பானியத்திலும் ஜெர்மனிலும் அதே ஒலியுள்ள சொல் இன்றும் லட்சம் கோடிதான். தொகை பொருந்தாததுபோல் பட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அடுத்து, ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல். புள்ளியியலில் அது ‘தற்செயலாக வர வாய்ப்புக் குறைவு’ என்று மட்டும் சொல்கிறது, பெரியது என்று சொல்லவில்லை.

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் போதாதா?

கட்டுரையைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கப் போதும். ஆனால் சுருக்கத்தில் முதலில் உதிர்வது ‘எலிகளில்’, ‘இருக்கலாம்’, ‘18 முதல் 25 வயதினரிடம் மட்டும்’ போன்ற சொற்கள். மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் அவற்றைப் பற்றியவைதான். மூலத்தை வாசித்த பிறகு, புரியாத கலைச்சொல்லைக் கேட்க அதைப் பயன்படுத்துங்கள். அது கொடுக்கும் நூற்பெயர், கட்டுரைப்பெயர் எதையும் தேடிப் பார்க்காமல் குறித்துவைக்காதீர்கள்.

குறிப்பு எடுக்க வேண்டுமா?

கட்டுரைக்கு நான்கு வரி. வெளிவந்த தேதி, அது சொல்லும் முக்கியச் செய்தி, அது எப்படித் தெரியவந்தது, உங்களுக்கு ஒட்டாத இடம். மூன்றாவது வரி எழுத வரவில்லையென்றால், ஒன்று நீங்கள் அந்தப் பத்தியைத் தாண்டி ஓடியிருக்கிறீர்கள், அல்லது கட்டுரையில் அப்படியொரு பத்தியே இல்லை. திரும்பிப் போய்ப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

பாதியில் விட்டுவிடலாமா?

தாராளமாக. மூன்றில் ஒரு பங்கு வாசித்தும் ஒரு சான்றுகூட வரவில்லையென்றால் விடுங்கள். நடை மட்டும் கடினம் என்றால் இன்னொரு பத்து நிமிடம் கொடுங்கள்.